ஒரே மிளகாய், இரண்டு லேப், இரண்டு ரிசல்ட்: மருந்து எச்சப் பரிசோதனையை எவ்வளவு நம்பலாம்?

ஒரே லாட்டு வத்தல் மிளகாய் இரண்டு லேபுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லேப் எத்தியான் என்ற பூச்சிமருந்து கிலோவுக்கு 0.03 மில்லிகிராம் என்கிறது, இன்னொன்று 0.06 என்கிறது. சரக்கு அனுப்புகிறவர் உடனே கேட்பது, "இதில் எந்த லேப் ஏமாற்றுகிறது?" பெரும்பாலும் இரண்டுமே ஏமாற்றவில்லை. சொல்லப்போனால் அந்த இரண்டு எண்களுக்கும் இடையே சண்டையே இல்லை. கணக்கு பிறகு வருகிறது.

பூச்சிமருந்து எச்சப் பரிசோதனையில் கோடிக்கணக்கில் விலையுள்ள மெஷின் தவறு செய்வது குறைவு. மூட்டையைப் பிரிக்கிற இடத்திலும், லேப் கொடுக்கும் படிவத்தை நிரப்புகிற இடத்திலும்தான் தவறு அதிகம். இந்த இரண்டும் அனுப்புகிறவர் கையில் இருப்பவை. அதனால் மெஷினைப் பற்றிக் கொஞ்சமும் மற்றதைப் பற்றி நிறையவும் இங்கே எழுதியிருக்கிறோம்.

மூட்டையிலேயே பாதி முடிந்துவிடும்

தோட்டத்தில் மருந்து ஒரே சீராக விழுவதில்லை. வரப்போரச் செடிக்கு ஒரு அளவு, நடுப்பாத்திச் செடிக்கு ஒரு அளவு. ஒரே செடியில்கூட வெளியே தொங்கும் காய்க்கும் இலைக்குள் மறைந்த காய்க்கும் பல மடங்கு வித்தியாசம் வரும். வத்தல் வியாபாரம் இதில் இன்னொரு சிக்கலையும் சேர்க்கிறது. 'ஒரு லாட்' என்று நாம் எழுதும் 200 மூட்டையில் பத்துப் பதினைந்து விவசாயிகளின் காய் இருக்கும். அவர்களில் இரண்டு பேர் பறிப்புக்கு நாலு நாள் முன்னால் மருந்து அடித்திருந்தால் போதும். மேலே இருக்கும் மூட்டையில் கை வைத்தால் சுத்தமாக வரும், ஓரத்து மூட்டையில் கை வைத்தால் சட்டம் அனுமதிக்கும் எச்ச வரம்பைத் தாண்டும். எந்த மெஷினாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 1999இல் எச்சப் பரிசோதனைக்கென்றே மாதிரி எடுக்கும் முறையை வகுத்தது. லாட் 50 கிலோவுக்குக் கீழே என்றால் 3 இடத்திலிருந்து, 50 முதல் 500 கிலோ வரை 5 இடத்திலிருந்து, 500 கிலோவுக்கு மேல் போனால் 10 இடத்திலிருந்து எடுக்க வேண்டும். தக்காளி, ஆரஞ்சு மாதிரி நடுத்தரக் காய்கனி என்றால் லேபுக்குப் போகும் மாதிரியில் குறைந்தது 10 காய் இருக்க வேண்டும், எடை 1 கிலோவாவது வேண்டும். முட்டைக்கோஸ் மாதிரிப் பெரியது என்றால் 5 காய், 2 கிலோ. இவை எல்லாம் குறைந்தபட்சம். பலர் சரக்கு கலந்த வத்தலுக்கு 10 இடம் போதும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். 200 மூட்டை என்றால் 20 மூட்டையையாவது தொட வேண்டும். மேல், நடு, அடி என்று மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். வாயைப் பிரித்து மேலாக ஒரு பிடி அள்ளுவது கணக்கில் சேராது.

எடுத்ததை எல்லாம் சுத்தமான பாலிதீன் விரிப்பில் கொட்டி நன்றாகக் கலக்குங்கள். குவியலாக்கி, தட்டையாக்கி, நாலு பாகமாகப் பிரித்து, எதிரெதிரே இருக்கும் இரண்டு பாகத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி கலந்து, மறுபடி நாலாக்கி, ஒன்றரை கிலோ வரும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். பிறகு மூன்று பொட்டலமாகப் பிரித்து மூன்றுக்கும் சீல் வையுங்கள். ஒன்று லேபுக்கு, ஒன்று வாங்குகிறவருக்கு, ஒன்று உங்களிடம். இரண்டு லேபுக்கு அனுப்புவதாக இருந்தால் இப்படிக் கலந்த ஒரே குவியலில் இருந்துதான் இரண்டுக்கும் போக வேண்டும். ஆளுக்கொரு மூட்டையில் இருந்து எடுத்து அனுப்பிவிட்டு ரிசல்ட்டை ஒப்பிட்டால், இரண்டு மூட்டையை ஒப்பிட்டிருப்பீர்களே தவிர இரண்டு லேபை அல்ல.

2015இல் கேரளம் தமிழ்நாட்டுக் காய்கறியில் மருந்து அதிகம் என்று சொல்ல, தமிழ்நாட்டுத் தரப்பு மறுக்க, இரு மாநிலங்களுக்கும் பெரிய வாக்குவாதம் நடந்தது. அரசியலை விட்டுவிட்டுப் பார்த்தால் அங்கேயும் இதே விஷயம்தான். எல்லை தாண்டிச் சந்தைக்குப் போன காயும் இங்கே தோட்டத்தில் பறித்த காயும் வேறு வேறு காய்கள். அன்றைக்குப் பறித்ததில் இருப்பது இரண்டு நாள் லாரியில் போனதில் அப்படியே இருக்காது. ஒரே மாதிரியைப் பிரித்து இரண்டு பக்கமும் சோதிக்காதவரை யார் லேப் சரி என்ற விவாதத்துக்கு முடிவே கிடையாது.

மாதிரியைக் கெடுக்கும் சின்னச் சின்ன விஷயங்கள் நிறைய உண்டு. காயைக் கழுவி அனுப்புவது முதல் தவறு. மேல்தோலில் இருக்கும் மருந்தில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். பழைய உரச்சாக்கு, மருந்து வந்த அட்டைப்பெட்டி இவற்றில் வைத்து அனுப்புவது அடுத்தது. கரப்பானுக்கு மருந்து அடித்த குடோனில் திறந்து வைத்த வத்தலில் சைபர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து வந்தால் விவசாயியைக் குற்றம் சொல்ல முடியாது. பீடி, சிகரெட் பிடித்த கையோடு அள்ளினால் நிகோட்டின் ஏறும். நிகோட்டினும் பூச்சிமருந்துப் பட்டியலில் இருக்கும் மூலக்கூறுதான். வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற அளவில் இருக்கும்போது இதையெல்லாம் சில்லறை விஷயம் என்று தள்ள முடியாது. 0.01 என்பது 100 டன் சரக்கில் ஒரு கிராம்.

பச்சைக் காய்கறி, கீரை, கறிவேப்பிலை என்றால் ஐஸ் பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் போய்ச் சேர வேண்டும். முடியாவிட்டால் உறையவைத்து அனுப்புங்கள். வெயிலில் கூரியர் வண்டியில் மூன்று நாள் கிடந்து அழுகிய கீரையில் 'எதுவும் இல்லை' என்று வந்தால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. வாங்கும்போது மாதிரி எந்த நிலையில் இருந்தது என்பதை நல்ல லேப் ரிப்போர்ட்டில் எழுதும். அந்த வரியைப் படியுங்கள்.

எந்தப் பாகத்தைச் சோதிப்பது என்பதும் விதியில் இருக்கிறது. வாழைப்பழத்தைத் தோலோடுதான் அரைக்க வேண்டும், ஆரஞ்சும் அப்படியே. மாம்பழத்தில் கொட்டையை எடுத்துவிட்டு அரைப்பார்கள், ஆனால் அளவைக் கொட்டையும் சேர்ந்த முழுப் பழத்தின் எடைக்குக் கணக்கிடுவார்கள். "நாங்கள் உரித்துத்தானே சாப்பிடுகிறோம்" என்று உரித்த பழத்தை அனுப்பினால் வரும் எண்ணை வரம்போடு ஒப்பிட முடியாது. வரம்பு முழுப் பழத்துக்கு வைத்தது.

அரைப்பதும் பிரிப்பதும்

ஒரு கிலோ தக்காளி லேபுக்குள் போனாலும் பரிசோதனைக்கு எடுப்பது 10 கிராம்தான். வத்தல், மல்லி, மஞ்சள் மாதிரி மசாலாப் பொருள் என்றால் 2 கிராம். அந்த 2 கிராம் மொத்த மாதிரிக்கும் பதில் சொல்ல வேண்டுமானால் அரைப்பு மாவு மாதிரி இருக்க வேண்டும். வத்தலில் தோல் சுலபமாகப் பொடியாகும், விதை ஆகாது. அரைகுறையாக அரைத்ததில் இருந்து இரண்டு முறை 2 கிராம் எடுத்தால் விதையும் தோலும் வேறு வேறு விகிதத்தில் வரும், ரிசல்ட்டும் அதற்கேற்ப ஆடும்.

சூடும் ஒரு பிரச்சினை. சாதாரண மிக்ஸியில் காயை அரைக்கும்போது காயின் சாறு, நொதி, வெப்பம் எல்லாம் சேர்ந்து குளோரோதலோனில், கேப்டான், ஃபால்பெட் மாதிரியான பூஞ்சை மருந்துகளைச் சிதைத்துவிடும். உலர் பனி போட்டு உறைந்த நிலையில் அரைக்கிற லேபில் இவை தப்பிக்கும். ஒரே காயில் ஒரு லேப் குளோரோதலோனிலைக் கண்டுபிடித்து இன்னொன்று 'இல்லை' என்று எழுதினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அரைத்த விதத்தை. "உலர் பனி போட்டு அரைக்கிறீர்களா?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

மான்கோசெப் என்ற பூஞ்சை மருந்து இன்னும் வம்பு. அதையும் டைதயோகார்பமேட் என்ற அதன் குடும்பத்தையும் அரைத்தாலே உடைந்துவிடும் என்பதால் காயை நறுக்கி உடனே எடை போட்டு, ஸ்டானஸ் குளோரைடு கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, வெளிவரும் கார்பன் டைசல்பைடை அளக்கிறார்கள். மருந்தை நேரடியாக யாரும் அளப்பதில்லை. இதில் உள்ள கண்ணி என்னவென்றால் முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், வெங்காயம், பூண்டு, பப்பாளி எல்லாமே மருந்தே படாமலும் இந்தச் சோதனையில் கார்பன் டைசல்பைடு கொடுக்கும். இயற்கை விவசாயம் செய்கிறவரின் முட்டைக்கோஸில் 'டைதயோகார்பமேட்' குறைந்த அளவில் வந்தால் அவரைத் திருடன் என்று சொல்வதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

மற்ற பெரும்பாலான மருந்துகளுக்கு இன்று பெரும்பாலான லேபுகள் செய்வது 2003இல் வெளியான கேட்சர்ஸ் முறை. 10 கிராம் மசித்த காயில் 10 மில்லி அசிட்டோநைட்ரைல் ஊற்றிக் குலுக்கி, 4 கிராம் மெக்னீசியம் சல்பேட்டும் 1 கிராம் உப்பும் சேர்த்து மறுபடி குலுக்கிச் சுழற்றினால் தண்ணீர் கீழேயும் மருந்து கலந்த கரைப்பான் மேலேயும் பிரியும். ஐரோப்பிய முறையில் இதோடு சிட்ரேட் உப்புகளும் சேரும், புளிப்பு நிலை 5க்கு மேல் 5.5க்குள் நிற்பதற்காக. காய்ந்த பொருளில் தண்ணீர் இல்லாததால் 2 கிராம் மசாலாவுக்கு 10 மில்லி தண்ணீர் ஊற்றி முதலில் ஊறவைக்க வேண்டும். ஊறும் நேரத்தைக் குறைத்துவிட்டால் மருந்து பொடிக்குள்ளேயே தங்கிவிடும். மெக்னீசியம் சல்பேட் தண்ணீரில் பட்டதும் சூடாகும், உடனே குலுக்காவிட்டால் கட்டி தட்டும். கட்டி தட்டிய குழாயில் ரெகவரி, அதாவது இருக்கும் மருந்தில் சாற்றுக்கு வந்து சேரும் பங்கு, விழும்.

அடுத்தது சுத்திகரிப்பு. ஒவ்வொரு மில்லிக்கும் 150 மில்லிகிராம் மெக்னீசியம் சல்பேட், 25 மில்லிகிராம் பி.எஸ்.ஏ. என்ற பொடி. இது சர்க்கரையையும் கொழுப்பு அமிலத்தையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் 2,4-டி மாதிரி அமிலத் தன்மையுள்ள களைக்கொல்லியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அவற்றைச் சுத்திகரிப்புக்கு முன்பே தனியாக எடுத்து ஓட்ட வேண்டும். கறிவேப்பிலை, கீரையில் பச்சை நிறத்தை எடுக்கக் கரிப்பொடி சேர்ப்பார்கள். சாறு கண்ணாடி மாதிரி ஆகிவிடும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தட்டையான அமைப்புள்ள தயாபெண்டசோல், ஹெக்சாகுளோரோபென்சீன் மாதிரியான மூலக்கூறுகளும் கரியோடு போய்விடும். மிகவும் தெளிந்த சாற்றைக் கண்டால் அனுபவமுள்ள கெமிஸ்ட் சந்தேகப்படுவது இதனால்தான். பி.எஸ்.ஏ. பட்ட சாறு காரத் தன்மைக்கு (அமிலத்துக்கு எதிர்) மாறுவதால் ஒரு மில்லிக்கு 10 மைக்ரோலிட்டர் அளவில் 5 சதவீத ஃபார்மிக் அமிலம் விடுவார்கள். அதை விட்டுவிட்டு இரவு முழுக்க ஆட்டோசாம்ப்ளரில் (மாதிரிகளை வரிசையாக மெஷினுக்குள் விடும் தட்டு) நிறுத்தினால் காரத்தில் உடையும் மருந்துகள் காலைக்குள் குறைந்திருக்கும். வரிசையில் முதலில் ஓடிய மாதிரிக்கும் கடைசியில் ஓடியதற்கும் வித்தியாசம் வரும்.

மெஷின் பக்கம்

இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டே விஷயம்.

முதலாவது, காயின் சாறு சிக்னலைத் தின்னும். மிளகாயின் நிறம், காரம், எண்ணெய் எல்லாம் மருந்தோடு சேர்ந்து மெஷினுக்குள் போகின்றன. திரவத்தில் பிரித்து அளக்கும் எல்.சி.-எம்.எஸ்./எம்.எஸ். மெஷினில் இவை மருந்து மூலக்கூறோடு போட்டி போட்டு அதன் சிக்னலைக் குறைக்கும். சூட்டில் வாயுவாக்கிப் பிரிக்கும் ஜி.சி.யில் நேர்மாறு: கண்ணாடிக் குழாயில் ஒட்டி வீணாக வேண்டிய மருந்தைச் சாறு காப்பாற்றிக் கொடுப்பதால் சிக்னல் கூடும். அதனால் அளவுகோலாக ஓட்டும் ஸ்டாண்டர்டை வெறும் கரைப்பானில் கலக்காமல், மருந்தில்லாத அதே பொருளின் சாற்றில் கலக்க வேண்டும். மருந்தே படாத வத்தல், மருந்தே படாத கறிவேப்பிலை எங்கே கிடைக்கும் என்பது லேப்காரர்களின் நிரந்தரத் தலைவலி. கிடைக்காவிட்டால் மாதிரியிலேயே தெரிந்த அளவு மருந்தைக் கூட்டிக் கூட்டி ஓட்டிக் கணக்கிட வேண்டும். தக்காளிச் சாற்றில் கலந்த ஸ்டாண்டர்டை வைத்து மிளகாயை அளக்கிற லேப் உங்களிடம் அதைச் சொல்லாது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது, மெஷின் வரையும் கோட்டில் ஒரு உச்சி தெரிந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து மருந்து என்று சொல்லக் கூடாது. ஐரோப்பிய வழிகாட்டுதல்படி ஒரு மூலக்கூறுக்குக் குறைந்தது இரண்டு அயனித் தடயம் (மூலக்கூறின் துண்டுகள் தரும் சிக்னல்) வேண்டும், அவற்றின் விகிதம் ஸ்டாண்டர்டோடு 30 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும், வெளிவரும் நேரம் 0.1 நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது. மூலக்கூறு எது என்று அடையாளம் காட்டாத பழைய ஈ.சி.டி. டிடெக்டரை மட்டும் நம்பி ரிப்போர்ட் எழுதிய காலத்தில் வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள் பூச்சிமருந்து மாதிரி உச்சி காட்டிப் பலரைக் குழப்பின. இன்றைக்கும் ஃபால்பெட் விஷயத்தில் குழப்பம் உண்டு. அது ஜி.சி.யின் சூட்டில் தாலிமைடாக உடைகிறது, ஐரோப்பா இரண்டையும் கூட்டித்தான் வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் தேயிலை, மசாலா மாதிரிக் காய்ந்த பொருள்களில் ஃபால்பெட் இல்லாமலேயே தாலிமைடு உருவாகும். தாலிமைடு மட்டும் வந்து ஃபால்பெட் கொஞ்சமும் வராத ரிப்போர்ட்டில் எல்.சி. மெஷினில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது 0.03, 0.06 கணக்கு. எந்த லேபுக்கும் ரெகவரி 70 முதல் 120 சதவீதத்துக்குள் இருந்தால் தேர்ச்சி. மிளகாயில் உண்மையில் 0.04 இருக்கிறது என்று வைத்தால், 75 சதவீத ரெகவரியுள்ள லேப் 0.03 என்று சொல்லும், 110 சதவீதமுள்ள லேப் 0.044 என்று சொல்லும். இரண்டும் விதிக்குள். இதற்கு மேல் அன்றாட ஏற்ற இறக்கம் சேரும். அளவு குறையக் குறைய லேபுகளுக்கு இடையே வித்தியாசம் கூடும் என்பதை வேதியியலாளர் ஹார்விட்ஸ் ஒரு சூத்திரமாகவே கொடுத்திருக்கிறார்: கிலோவுக்கு 1 மில்லிகிராமில் 16 சதவீதம் இருக்கும் சிதறல் 0.01இல் 32 சதவீதமாகிறது. ஒரே மாதிரியைப் பல லேபுக்கு அனுப்பி ஒப்பிடும் ஐரோப்பாவின் திறனறி சோதனைகளில் சிதறலை 25 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு, அதன் இரு மடங்கு விலகல் வரை தேர்ச்சி தருகிறார்கள். அந்த 25ஐ வைத்து இரண்டு லேபுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி சகஜம் என்று போட்டால் சராசரியில் ஏறத்தாழ 70 சதவீதம் வரும். 0.03, 0.06இன் சராசரி 0.045, வித்தியாசம் 0.03, அதாவது 67 சதவீதம். உள்ளேதான் இருக்கிறது. ஒரு லேப் 0.02, மற்றது 0.09 என்றால்தான் காரணம் தேட வேண்டும்.

இந்த நிச்சயமின்மையை முன்னும் பின்னும் 50 சதவீதம் என்று ஐரோப்பிய லேபுகள் பொதுவாக எடுத்துக்கொள்கின்றன. வரம்பு 0.01 என்றால், அங்குள்ள அதிகாரி ரிசல்ட்டில் பாதியைக் கழித்த பிறகும் 0.01ஐத் தாண்டினால்தான் மீறல் என்பார், அதாவது 0.02க்கு மேல். ஆனால் வாங்குகிற கம்பெனி அப்படிக் கழிக்காது. 0.011 வந்தாலே சரக்கு வேண்டாம் என்று சொல்லும் வாங்குநர்கள் நிறைய. ஒப்பந்தம் போடும்போதே கழிப்பார்களா மாட்டார்களா என்று எழுதி வாங்குங்கள். அனுப்புகிறவர் தன் பக்கத்துக்கு வைத்துக்கொள்ளும் வரம்பு சட்ட வரம்பில் பாதியாக இருப்பது நல்லது. அதற்கு மேல் வந்தால் புதிதாக மாதிரி எடுத்து மறுபடி பார்க்க வேண்டும்.

பட்டியலில் இல்லாததை யாரும் தேடுவதில்லை

எங்கள் கருத்தில் பெரிய ஓட்டை இதுதான்.

2010இல் ஐரோப்பா போன இந்திய திராட்சை குளோர்மெக்வாட் குளோரைடு என்ற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்தால் சிக்கியது. இத்தனைக்கும் 2003இல் ஒரு முறை அடிபட்ட பிறகு, வேளாண் ஏற்றுமதிக்கான அரசு அமைப்பான அபெடா 'கிரேப்நெட்' என்று தோட்டத்துக்குத் தோட்டம் பதிவுசெய்து, புனே திராட்சை ஆராய்ச்சி மையத்தின் மேற்பார்வையில் லேபுகளைக் கட்டுக்குள் வைத்து, ஒவ்வொரு லாட்டையும் சோதித்துத்தான் அனுப்பியது. லேபுகள் தங்களிடம் கேட்டதைச் சரியாகவே சோதித்தன. குளோர்மெக்வாட் அந்தக் கண்காணிப்புப் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். ரிப்போர்ட் சுத்தம், சரக்கு துறைமுகத்தில் நின்றது.

"300 மருந்து பார்க்கிறோம்" என்று லேப் சொன்னால் மலைத்துவிட வேண்டாம். அந்த 300ம் ஒரே சாற்றில் ஒரே ஓட்டத்தில் வருபவை. தண்ணீரில் மிகவும் கரையும் மருந்துகள் கேட்சர்ஸ் முறையில் கரைப்பானுக்கு ஏறாமல் தண்ணீரிலேயே தங்கிவிடும்: கிளைபோசேட், பாராகுவாட், எத்திஃபான், குளோர்மெக்வாட், ஃபோசெட்டில். இவற்றுக்கு அமிலம் கலந்த மெத்தனாலில் சாறெடுக்கும் தனி முறையோ ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனையோ வேண்டும், தனிக் கட்டணமும் உண்டு. மான்கோசெப் குடும்பத்துக்குத் தனி. குடோனில் புகைமூட்டம் போட்டிருந்தால் பாஸ்பீனுக்குத் தனி. வரப்பில் கிளைபோசேட் அடித்த தோட்டத்துக் காய்க்குப் பல மருந்துச் சோதனையை மட்டும் செய்து 'எச்சம் இல்லை' என்று லேபிள் ஒட்டுவது அறியாமை அல்லது சாமர்த்தியம்.

2020 செப்டம்பரில் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக பெல்ஜியம் எச்சரித்ததில் இருந்து வந்த பாடமும் இதையொட்டியதுதான். எத்திலீன் ஆக்சைடு வாயு. கொஞ்ச நாளில் பறந்துவிடும் அல்லது உப்போடு சேர்ந்து 2-குளோரோஎத்தனாலாக மாறிவிடும். ஐரோப்பிய வரம்பு இரண்டையும் கூட்டி, குளோரோஎத்தனாலை 0.55ஆல் பெருக்கிச் சேர்த்து எழுதச் சொல்கிறது. வாயுவை மட்டும் தேடிய லேப் 'இல்லை' என்று எழுதும், அங்கே துறைமுகத்தில் கணிசமாக வரும். இதே மாதிரி ஃபிப்ரோனிலோடு ஃபிப்ரோனில் சல்ஃபோனையும், எண்டோசல்ஃபானோடு அதன் சல்பேட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அசிஃபேட் அடித்த காயில் மெத்தமிடோஃபாஸும் வரும், அதற்குத் தனி வரம்பு. ரிப்போர்ட்டில் இவை தனித்தனி வரியாக இருக்கின்றனவா, கூட்டுத்தொகை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஆகவே லேபுக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று: தோட்டத்தில் என்னென்ன அடித்தார்கள் என்று விவசாயியிடம் கேட்டு எழுதி வாங்குவது. மருந்துக் கடை பில் இருந்தால் இன்னும் நல்லது. டப்பாவில் இருக்கும் வணிகப் பெயர் உதவாது, அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் மூலக்கூறின் பெயர் வேண்டும். அந்தப் பெயர்களோடு, சரக்கு போகிற நாட்டில் அந்தப் பொருளில் அடிக்கடி பிடிபடும் மருந்துகளையும் சேர்த்து லேபிடம் கொடுத்து, "இவை எல்லாம் உங்கள் பட்டியலில் இருக்கின்றனவா, எதற்குத் தனிச் சோதனை வேண்டும்?" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போது

'என்.டி.' (தென்படவில்லை), 'பி.எல்.க்யூ.' (அளக்கும் அளவுக்குக் கீழே) என்று வரும் இடத்தில் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். லேப் நம்பிக்கையோடு அளக்கக்கூடிய குறைந்தபட்ச அளவு அது. வரம்பு 0.01, லேபின் குறைந்தபட்சம் 0.05 என்றால் அந்த 'இல்லை'யை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 0.04 இருந்தாலும் அது 'இல்லை'தான். மசாலாவில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் எடுப்பதே 2 கிராம்.

லேபுகளை அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். முத்திரை இருப்பது மட்டும் போதாது. லேபுகளுக்கான தரநிலையான ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் லேபுக்கு மொத்தமாகக் கொடுப்பதல்ல. எந்தப் பொருளில், எந்த மருந்தை, எந்த முறையில், எந்த அளவுவரை என்று வரிவரியாகக் கொடுப்பது. அந்தப் பட்டியல் என்.ஏ.பி.எல். இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. காய்கறிக்கு அங்கீகாரம் உள்ள லேப் மசாலாவுக்கும் உள்ளதாக நினைத்துக்கொள்வது சகஜமான தவறு. கடைசியாகக் கலந்துகொண்ட திறனறி சோதனையில் என்ன மதிப்பெண் என்றும் கேளுங்கள். பூஜ்யத்தில் இருந்து 2 வரை நன்று, 2 முதல் 3 சந்தேகம், 3க்கு மேல் தோல்வி. காட்டத் தயங்கும் லேபை விட்டுவிடலாம்.

காய்ந்த சரக்கைப் பச்சைக் காயின் வரம்போடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. பச்சை மிளகாயில் திடப்பொருள் 20 சதவீதம், வத்தலில் 90 என்று வைத்தால் தண்ணீர் வற்றுவதாலேயே எச்சம் நாலரை மடங்காகிறது. பொடிக்குத் தனி வரம்பு இல்லாத இடத்தில் இந்தக் கணக்கைக் காட்டி வாதாடலாம், ஐரோப்பியச் சட்டமே அதற்கு இடம் தருகிறது.

வீட்டிலேயே பார்க்கும் காகிதப்பட்டை கிட் பற்றியும் கேட்கிறார்கள். அது நொதி தடைபடுவதை வைத்து ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் என்ற இரண்டு குடும்பங்களை மட்டும் காட்டும். இமிடாகுளோப்ரிட், சைபர்மெத்ரின், பூஞ்சை மருந்து எதுவும் தெரியாது. பூண்டு, முள்ளங்கி, வெங்காயத்தில் சும்மாவே நிறம் மாற்றிக் காட்டும். கொள்முதல் இடத்தில் ரொம்ப மோசமானதைக் கழிக்க ஆகும், அதற்கு மேல் இல்லை.

ரிசல்ட்டில் உடன்பாடு இல்லாவிட்டால்

முதலில் கேட்க வேண்டியது குரோமட்டோகிராமும் (மெஷின் வரைந்த உச்சிகளின் படம்), அன்றைய தொகுப்பில் அந்த மருந்துக்கு வந்த ரெகவரியும், மறுபடி ஓட்டிய எண்ணும். வரம்பைத் தாண்டிய ரிசல்ட்டை ஒரே ஓட்டத்தில் முடிவுசெய்த லேபிடம் அதே மாதிரியில் புதிதாக எடை போட்டு இன்னொரு முறை செய்யச் சொல்லலாம். பழைய சாற்றையே மறுபடி மெஷினில் விடுவது மறுபரிசோதனை ஆகாது. அதற்குப் பிறகும் ஒத்துவராவிட்டால் உங்களிடம் சீல் வைத்த மூன்றாவது பொட்டலம் வேறு லேபுக்குப் போகட்டும், அதே பட்டியல், அதே குறைந்தபட்ச அளவு, அதே பாகம் என்ற நிபந்தனையோடு.

உணவுப் பாதுகாப்பு அதிகாரி எடுத்த மாதிரி என்றால் வழி வேறு. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி மாதிரியை நாலு பாகமாகப் பிரிக்க வேண்டும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அதிகாரியிடம். நாலாவது, கடைக்காரர் கேட்டால் அங்கீகாரம் பெற்ற லேபுக்குப் போகும். பலர் அந்த நாலாவது பாகத்தைக் கேட்பதே இல்லை. மாதிரி எடுக்கும் நேரத்திலேயே கேட்க வேண்டும். பகுப்பாய்வாளர் அறிக்கை பாதகமாக வந்தால், கையில் கிடைத்த 30 நாளுக்குள் நியமன அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீட்டில் மாதிரி போகும் ரெஃபரல் லேபின் முடிவே இறுதி.

தனியார் லேபில் மிச்சமிருக்கும் மாதிரியை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பது ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். காய்கறி என்றால் சில நாளிலேயே தூக்கிப் போட்டுவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் ரிப்போர்ட் வந்த அன்றே, மிச்ச மாதிரியை மைனஸ் 18 டிகிரியில் உறையவைத்து நிறுத்தும்படி மெயில் அனுப்பி, மாதிரி எண்ணோடு பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.